அட்டையில் அச்சிடாத பத்தாம் வசனம்

தியானப் பகுதி: எரேமியா 28, 29 அதிகாரங்கள்



டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை நம் சபைகளில் எவ்வாறு நிறைவுபெறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். புத்தாண்டின் முதல் நிமிடங்களில் முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறோம். பின்பு வரிசையாக முன்வந்து, தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கொன்றை எடுத்துச் செல்கிறோம். அந்த அட்டைகளுக்கான வசனங்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவன் நான். ஆகையால் இந்த வாரத் தியானத்தில் நான் எழுதப்போகும் கண்டனம் முதலாவது என்மேலேயே விழுகிறது.

அந்த அட்டைகளில் ஒருபோதும் விடுபடாத வசனம் ஒன்று உண்டு. அது எரேமியா 29:11. தம்முடைய ஜனத்தைக்குறித்துத் தாம் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கானவையல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் அறிவிக்கும் வசனம். நாட்காட்டியிலும், திருமண அழைப்பிதழிலும், தேர்வுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அனுப்பும் வாட்ஸப் செய்தியிலும் அதைக் காண்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தாய்க்கு இந்த அட்டை கிடைத்தது. அவருடைய ஒரே மகன் அப்போது சிறுநீரக நோயினால் வருந்திக்கொண்டிருந்தான். அட்டையைக் கண்ட மாத்திரத்தில் அவர் அழுதார். நாங்களும் ஸ்தோத்திரம் சொன்னோம். "கர்த்தர் வார்த்தை தவறமாட்டார்" என்று அவர் தலையில் கைவைத்து ஜெபித்தது நான்தான். அந்த ஆகஸ்ட் மாதத்தில் மகன் மரித்துப்போனான். அடக்க ஆராதனை முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். வேதாகமத்துக்குள் வைத்திருந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "ஐயா, வார்த்தை தவறாதுன்னு சொன்னீங்க. அப்போ என் விசுவாசத்துலதான் குறை இருந்திருக்கு, இல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்பே அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து ஒழுங்காக வாசித்தேன். வாசித்தபோது நான் கண்டது என்னை வெட்கப்படுத்தியது. எரேமியா யாரை எதிர்த்து அந்த வசனத்தை எழுதினாரோ, அவர்களுடைய பிரசங்கத்தையே நாம் அதே வசனத்தைக்கொண்டு செய்துகொண்டிருக்கிறோம்.

ஒரு கடிதமும் அதை வாசித்தவர்களும்

எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, எகொனியா என்னும் யோயாக்கீன் ராஜாவையும், அவனுடைய தாயையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அன்று கொண்டுபோகப்பட்டவர்கள் 10,000 பேர் என்று 2 இராஜாக்கள் 24:14 கூறுகிறது. எருசலேமில் விடப்பட்ட எரேமியா, சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய தூதுவர் இருவர் கையில் அவர்களுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். பதினோராம் வசனம் அந்தக் கடிதத்தின் நடுவே வருகிற ஒரு வாக்கியம்.

அந்த ஜனங்கள் அப்பொழுது எதற்குக் காத்திருந்தார்கள்? விடை முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. கிபியோன் ஊரானாகிய அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்தது, இரண்டு வருடத்துக்குள் ராஜாவும் சிறைப்பட்டவர்களும் ஆலயப் பணிமுட்டுகளும் திரும்பிவரும் என்று கர்த்தருடைய நாமத்தில் அறிவித்தான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தையும் எடுத்து முறித்துப்போட்டான். ஜனங்களுக்கு அது எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! அவன் செய்தியில் தேவ நாமம் இருந்தது, விடுதலை இருந்தது, குறிப்பிட்ட காலக்கெடு இருந்தது. இன்று அவன் வந்தால் நம் கன்வென்ஷன் மேடைகளில் அவனுக்கு முதல் நாற்காலி கிடைக்கும். ஒன்று மாத்திரம் குறைவாயிருந்தது: கர்த்தர் அவனை அனுப்பவில்லை. மர நுகத்துக்குப் பதிலாக இருப்பு நுகம் வரும் என்று கர்த்தர் எரேமியாவைக்கொண்டு உரைத்தார். ஐந்தாம் மாதத்தில் பேசிய அனனியா ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

பாபிலோனிலும் இத்தகையோர் இருந்தார்கள். ஆகாப், சிதேக்கியா என்னும் பொய்த் தீர்க்கதரிசிகளையும், செமாயா என்பவனையும் கடிதமும் அதைத் தொடரும் வசனங்களும் பெயர் சொல்லியே கண்டிக்கின்றன. ஜனங்கள் நடுவிலிருந்த தீர்க்கதரிசிகளுக்கும் குறிகாரருக்கும் செவிகொடாதிருக்கும்படி எட்டாம் வசனம் எச்சரிக்கிறது. எபிரெய மூலத்தில் அந்த எச்சரிப்பு கேட்போரையும் சேர்த்துக் குத்துகிறது: அவை ஜனங்களே காணச்செய்கிற சொப்பனங்கள் என்கிறது. தங்களுக்கு வேண்டிய சொப்பனத்தை ஜனங்கள் கேட்டார்கள். தீர்க்கதரிசிகள் கண்டு கொடுத்தார்கள்.

இரண்டு வருடமும் 70 வருடமும்

இந்தச் சூழ்நிலையில்தான் எரேமியாவின் கடிதம் வந்து சேர்கிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பெண் கொண்டு பெண் கொடுத்துப் பிள்ளைகளைப் பெறுங்கள் என்று அது தொடங்குகிறது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைவிடக் கசப்பான செய்தி இருக்க முடியாது. ஓலைக் குடிசையில் நாட்களைத் தள்ளுகிறவனிடம் அஸ்திவாரம் போடு என்றால், நீ ஊர் திரும்பமாட்டாய் என்றல்லவோ பொருள்? செமாயா அதைச் சரியாகவே புரிந்துகொண்டான். சிறையிருப்பு நெடுங்காலம் நீடிக்கும் என்று எழுதிய எரேமியாவைத் தொழுவில் மாட்டவேண்டும் என்று எருசலேமிலிருந்த ஆசாரியனுக்கு எதிர்க்கடிதம் அனுப்பினான்.

பத்தாம் வசனம் காலத்தையே குறித்துவிடுகிறது: பாபிலோனுக்கு 70 வருடம் நிறைவேறின பின்பே கர்த்தர் அவர்களைச் சந்திப்பார். முப்பது வயதான ஒருவர் அதைக் கேட்டிருந்தால், எருசலேமை இனித் தம் கண்கள் காணா என்று அந்தக் கணமே உணர்ந்திருப்பார். சரித்திரத்தின்படி எண்ணினாலும், கி.மு. 597க்கும், யூதர் திரும்பிச் செல்லலாம் என்று கோரேசு கட்டளை பிறப்பித்த கி.மு. 538க்கும் இடையே ஏறக்குறைய 60 ஆண்டுகள். முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் திரும்பிவந்து அழுததை எஸ்றா 3:12 சொல்லுகிறது. அவர்கள் சிறைப்பட்டுப் போனபோது சிறுபிள்ளைகளாகவோ இளைஞராகவோ இருந்தவர்கள். கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த மூப்பர்களோ பாபிலோன் மண்ணிலேயே அடக்கம்பண்ணப்பட்டார்கள்.

அந்த மண்ணும் இதற்குச் சாட்சி சொல்லுகிறது. பாபிலோனில் தோண்டியெடுக்கப்பட்ட களிமண் பலகைகளில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. 'யூதாவின் ஊர்' என்று பொருள்படும் பெயருடைய ஒரு பாபிலோனியக் கிராமத்தின் பத்திரங்களும் கிடைத்து, 2014இல் நூலாக வெளிவந்தன. வாற்கோதுமை, பேரீச்சம்பழம், வரி, கடன் என்று தலைமுறைகளாக அங்கே குடியிருந்த யூதரின் அன்றாட வாழ்க்கை அவற்றில் பதிந்திருக்கிறது.

இந்தப் பத்தாம் வசனத்தை அடுத்துத்தான் பதினோராம் வசனம் வருகிறது. நாம் என்ன செய்தோம்? பத்தை வெட்டியெறிந்துவிட்டுப் பதினொன்றை மாத்திரம் அட்டையில் அச்சிட்டோம். அதன்மேல் 'இந்த ஆண்டுக்கான வாக்குத்தத்தம்' என்று தலைப்பும் இட்டோம். அனனியா இரண்டு வருடம் என்றான். நாம் பன்னிரண்டு மாதம் என்கிறோம். பொய்த் தீர்க்கதரிசியைக் காட்டிலும் நாம் அவசரக்காரர்.

'எதிர்பார்த்த முடிவு' எது?

தமிழ் வாசகரை இடறச்செய்யும் ஒரு சொற்றொடரையும் இங்கே ஆராயவேண்டும். நாம் வழிவழியாக வாசிக்கும் மொழிபெயர்ப்பில், ஜனங்கள் எதிர்பார்க்கும் முடிவைக் கர்த்தர் கொடுப்பார் என்ற பொருள் தொனிக்கிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்திலும் அதே தொனி உண்டு. ஆகவே, "நான் எதிர்பார்க்கும் வேலை, நான் எதிர்பார்க்கும் விசா, நான் எதிர்பார்க்கும் வரன்" என்று நாம் பட்டியலிட்டுவிடுகிறோம்.

மூலத்தில் அங்கே இரண்டு எபிரெயச் சொற்கள் உள்ளன. 'அகரித்' என்பது பின்வரும் காலம், இறுதி. 'திக்வா' என்பது நம்பிக்கை. யோசுவா 2ஆம் அதிகாரத்தில் ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் 'திக்வா' என்ற சொல்லே நிற்கிறது. ஒரு பிற்காலத்தையும், பற்றிக்கொள்ள ஒரு நம்பிக்கையையும் தருவேன் என்பதே வசனத்தின் கருத்து. கேட்பவருடைய எதிர்பார்ப்பை அப்படியே நிறைவேற்றும் உறுதிமொழி அதில் இல்லை. அந்த ஜனங்கள் எதிர்பார்த்தது இரண்டு வருடத்தில் வீடு திரும்புவதை. கடிதம் முழுவதும் அந்த எதிர்பார்ப்பை மறுப்பதற்காகவே எழுதப்பட்டது!

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஒரு தனி மனிதனிடம் பேசும்போது 'நீ' என்றே பேசுவார். ராஜாவானாலும் தீர்க்கதரிசியானாலும் 'நீ'தான். இந்த வசனத்திலோ 'நீங்கள்', 'உங்கள்' என்று வருகிறது. அதை நாம் மரியாதைப் பன்மையாக எண்ணி, ஒவ்வொருவரும் தனக்கென்று எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு ஜனக்கூட்டத்தை நோக்கிய பன்மை. தாத்தா காணாததைப் பேரன் காண்பான்; ஆயினும் வாக்கு தாத்தாவுக்கும் உரியதே, ஏனெனில் அவரும் அந்த ஜனத்தில் ஒருவர். இன்று நமக்குத் தனித்தனி அட்டை கிடைக்கிறது. என் அட்டை நிறைவேறினால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னவானால் என்ன?

சமாதானம் என்ற சொல்லும் கடிதத்தில் அங்கே திடீரென்று தோன்றுவதல்ல. ஏழாம் வசனத்தில் அது மூன்று முறை வந்துவிட்டது. தங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கவேண்டும், அதன் சமாதானத்தில் இவர்களுடைய சமாதானமும் அடங்கியிருக்கிறது என்கிறார் கர்த்தர். பகைவனின் ஊருக்காக ஜெபிக்கச் சொல்லும் அந்த வசனத்தை எந்தத் தட்டிலாவது நீங்கள் எடுத்ததுண்டா? நான் அச்சிட்டதேயில்லை.

கேபார் நதியண்டையில் ஒரு விதவன்

அந்தச் சிறையிருப்பில் போனவர்களில் ஒருவர் எசேக்கியேல். ஆசாரிய குலத்தார். எசேக்கியேல் முதல் அதிகாரம் குறிக்கும் முப்பதாம் வருடம் அவருடைய வயது என்று கொண்டால், கைதியாகப் போகும்போது அவருக்கு வயது 25. முப்பது வயதில் ஆலய ஊழியத்தில் நிற்கவேண்டியவர் கேபார் நதியண்டையில் அந்நிய மண்ணில் உட்கார்ந்திருந்தார். எருசலேமின் கடைசி முற்றுகை தொடங்கிய நாட்களில் அவருடைய கண்களுக்கு அருமையான மனைவி ஒரே நாளில் மரித்துப்போனாள் (எசேக்கியேல் 24:18). அவருக்குத் துக்கங்கொண்டாடவும் அனுமதியில்லை. அவர் எருசலேமுக்குத் திரும்பியதாக வேதத்தில் எங்கும் இல்லை.

எரேமியாவின் கடிதம் போய்ச் சேர்ந்த ஜனக்கூட்டத்தில் ஒருவர் அவர். அவர் மனைவி மரித்த மாலையில் கர்த்தருடைய நினைவுகள் தீமைக்கானவையாய் மாறிவிட்டனவா? எசேக்கியேலின் விசுவாசத்தில் குறை இருந்ததா? அப்படிச் சொல்ல நம்மில் யாருக்குத் துணிவு உண்டு? எசேக்கியேலுக்குச் சொல்லத் துணியாததை, மகனை இழந்த ஒரு தாயின் மனதில் நாமே விதைத்தோம். வசனம் சொல்லாததை வசனத்தின் பேரில் வாக்களித்தோம். அது நடவாதபோது பழியை அவருடைய விசுவாசத்தின்மேல் சாய்த்தோம். இது மேய்ப்பனின் வேலையா?

சிலர் சொல்லும் மறுப்புகள்

"தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றிருக்கிறதே" என்று சிலர் 2 கொரிந்தியர் 1:20ஐக் காட்டுவார்கள். முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த 'ஆம்' சிலுவை வழியாய் வந்த ஆம். அதை எழுதிய பவுல் அதே நிருபத்தில் தம்முடைய முள்ளைக்குறித்து மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை என்று எழுதுகிறார். நாம் கேட்பதையெல்லாம் கிறிஸ்துவின் பெயரால் ஆமாக்கிக்கொள்ள அந்த வசனம் வெற்றுக் கையெழுத்திட்ட காசோலை அல்ல.

"சீட்டுப்போடுவது வேதத்தில் உண்டே" என்பார்கள். உண்டு. ஆகானைப் பிடித்துக்கொடுத்ததும் சீட்டு. யோனாவின் பேரில் விழுந்ததும் சீட்டு. சீட்டு நமக்கு எதிராகவும் விழக்கூடும் என்பதினாலேயே அதற்குப் பயபக்தி இருந்தது. நம் தட்டில் எதிரான சீட்டு ஒன்றாவது உண்டா? நல்லவற்றை மாத்திரம் பொறுக்கி வைத்து, எதை எடுத்தாலும் நல்லதே வரும்படி செய்துவிட்டு, இது கர்த்தர் கொடுத்தது என்கிறோம். தெருவோரத்தில் கிளி எடுத்துக்கொடுக்கும் சீட்டை நாம் குறிசொல்லுதல் என்று பிரசங்க பீடத்திலிருந்து கண்டிக்கிறோம். பீடத்தின் கீழிருக்கும் தட்டை எந்தப் பெயரால் அழைப்பது? குறிகாரருக்குச் செவிகொடாதிருங்கள் என்ற எட்டாம் வசனம் நம் அட்டையின் வசனத்துக்கு மூன்று வசனம் மேலேயே இருக்கிறது.

"அந்த வசனம் என் இக்கட்டில் என்னைத் தாங்கினது" என்று சொல்லும் விசுவாசிகளும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வழக்காடவில்லை. கர்த்தர் தம்முடைய வார்த்தையால் உடைந்த உள்ளத்தைத் தேற்றுகிறவர். என் வழக்கு போதகர்களோடும் அட்டை அச்சிடுகிறவர்களோடும்தான். ஆறுதல் வேறு, காலக்கெடுவோடு கூடிய உத்தரவாதம் வேறு. முன்னதைக் கர்த்தர் தருகிறார். பின்னதை அனனியா தந்தான்.

அப்படியானால் நமக்கு அதில் பங்கு இல்லையா?

உண்டு. அட்டை தரும் பங்கைக் காட்டிலும் பெரிய பங்கு உண்டு. பேதுரு தம் முதல் நிருபத்தைச் சிதறியிருக்கும் பரதேசிகளுக்கு எழுதுகிறார். கிறிஸ்துவுக்குள் நாமும் அந்தப் பரதேசிகளின் வரிசையில் சேர்க்கப்பட்டவர்கள். ஆகவே சிறையிருப்பின் கடிதம் நம் கைக்கும் வந்து சேருகிறது. ஆனால் முழுக் கடிதமாக வருகிறது.

அதை முழுதாய் வாசித்தால், பதினோராம் வசனத்தோடு நின்றுவிடமாட்டோம். அடுத்த வசனங்களில் கர்த்தர் தம்மை நோக்கிக் கூப்பிடவும், முழு இருதயத்தோடும் தம்மைத் தேடவும் அழைத்து, தாம் அவர்களுக்குக் காணப்படுவதாக வாக்களிக்கிறார். ஆலயம் இல்லாத ஊரில், பலிபீடம் இல்லாத மண்ணில், கர்த்தர் காணப்படுவார்! 70 வருடத்தின் முடிவுக்குக் காத்திராமல், அந்நிய நதியண்டையிலேயே அந்த ஜனங்கள் அவரைக் கூப்பிடத் தொடங்கலாம். எசேக்கியேல் கேபார் நதியண்டையில் கர்த்தருடைய மகிமையைக் கண்டார். ஊர் திரும்பாத மனிதனுக்கும் வாக்குத்தத்தம் வெறுமையாய்ப் போகவில்லை. விசுவாசிகளில் அநேகர் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு மரித்தார்கள் என்று எபிரெயர் 11:13 கற்பிப்பதும் இதையே. அவர்களை அந்த அதிகாரம் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று அழைக்கவில்லை. விசுவாசத்தோடு மரித்தவர்கள் என்கிறது.

அந்தத் தாயிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அவர் வீட்டுக்குப் போய், முதலாவது மன்னிப்புக் கேட்டேன். "அம்மா, குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை. கர்த்தர் சொல்லாததை நான் சொன்னேன்" என்றேன். பின்பு இருவரும் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தோம். எசேக்கியேலின் மனைவியைக்குறித்துச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. "அவருக்கும் அழ விடலையா?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் தேறிவிட்டார் என்று எழுதினால் நானும் அனனியாவாகிவிடுவேன். அடுத்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வந்தார் என்பதை மாத்திரம் எழுதுகிறேன்.

இந்த டிசம்பர் 31 இரவு எங்கள் சபையில் தட்டு இராது. எரேமியா 29ஆம் அதிகாரத்தின் முதல் பதினான்கு வசனங்களும் அடங்கிய ஒரு தாளை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுப்பதென்று சபை மூப்பர்களோடு பேசி முடிவுசெய்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே தாள். சிலருக்கு ஏமாற்றமாயிருக்கும், ஒருசிலர் வேறு சபைக்குப் போய் அட்டை எடுத்துவருவார்கள். போகட்டும். உடன் ஊழியர்களே, உங்கள் சபைகளிலும் இதைச் சிந்தித்துப் பார்க்கும்படி உங்களை மன்றாடுகிறேன். அட்டை அச்சிடத்தான் வேண்டுமென்றால், பதினொன்றுக்கு முன் பத்தையும் அச்சிடுங்கள்.

ஜெபம்: எங்கள் பிதாவே, நீர் சொல்லாதவற்றை உமது நாமத்தில் சொன்ன எங்களை மன்னியும். எங்கள் வார்த்தையினால் காயப்பட்டுத் தங்கள் விசுவாசத்தையே குற்றப்படுத்திக்கொண்டிருக்கும் உமது பிள்ளைகளை நீரே தேற்றும். நெடுங்காலம் காத்திருக்கவும், நாங்கள் இருக்கும் ஊரின் சமாதானத்தைத் தேடவும், இவ்விடத்திலேயே உம்மைக் கண்டடையவும் எங்களுக்குக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.